இறங்கும் நேரத்தில் எதிரே இன்னொரு விமானம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இறங்குவதற்குச் சற்று முன் ஜன்னலுக்கு வெளியே இன்னொரு விமானம் மிக அருகில் பறந்தது. மயிரிழையில் தப்பினோமா?

பெரும்பாலும் இல்லை. விமான நிலையத்தை ஒட்டிய ரேடார் எல்லைக்குள் இரு விமானங்களுக்கிடையே பக்கவாட்டில் 3 கடல் மைல் (சுமார் ஐந்தரை கிலோமீட்டர்) அல்லது உயரத்தில் 1,000 அடி இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இருந்தால் போதும். 1,000 அடி என்பது வெறும் 300 மீட்டர். 60 மீட்டர் நீள விமானம் அந்தத் தூரத்தில் பெரிதாகத்தான் தெரியும். சான் பிரான்சிஸ்கோவில் இணை ஓடுபாதைகளின் மையக்கோடுகளுக்கு நடுவே 750 அடிதான். ஒருவரையொருவர் கண்ணால் பார்த்தபடி இரண்டு விமானங்கள் சேர்ந்தே இறங்குவது அங்கே நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. 500 அடிக்கும் குறைவாக நெருங்கினால்தான் அமெரிக்காவில் அதை 'மோதல் நெருக்கம்' என்று பதிவு செய்கிறார்கள்.

விமானங்களைக் காட்டும் கைபேசிச் செயலியில் இரண்டு விமானங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிகின்றனவே?

வரைபடத்தில் உயரம் தெரியாது. ஒவ்வொன்றையும் தொட்டு உயரத்தைப் பாருங்கள். 1,000 அடி வித்தியாசம் இருந்தால் எல்லாம் ஒழுங்காகத்தான் நடக்கிறது.

தரைக் கட்டுப்பாட்டாளர் ஒன்று சொல்லி, டிகாஸ் கருவி (விமானத்திலேயே இருக்கும் மோதல் தவிர்ப்புக் கருவி) வேறொன்று சொன்னால் விமானி எதைக் கேட்க வேண்டும்?

டிகாஸை. இதில் இரண்டாம் யோசனைக்கே இடமில்லை. 2002 ஜூலை 1 இரவு, ஜெர்மனியின் ஊபர்லிங்கன் வானில் ஒரு டுபொலெவ் விமானத்துக்கு டிகாஸ் 'ஏறு' என்றது. கட்டுப்பாட்டாளர் 'இறங்கு' என்றார். விமானிகள் இறங்கினார்கள். எதிரே வந்த போயிங் 757 சரக்கு விமானமும் தன் டிகாஸ் சொன்னபடி இறங்கிக்கொண்டிருந்தது. 71 பேர் இறந்தார்கள்.

இரண்டு விமானங்களின் டிகாஸ் கருவிகளும் டிரான்ஸ்பாண்டர் (தானாகப் பதில் அனுப்பும் வானொலிக் கருவி) வழியே தமக்குள் பேசி, ஒன்றை மேலேயும் மற்றதைக் கீழேயும் அனுப்புகின்றன. இந்த ஒப்பந்தம் கட்டுப்பாட்டாளருக்குத் தெரியாது. அதனால் 'க்ளைம்ப், க்ளைம்ப்' (ஏறு, ஏறு) என்று குரல் வந்தால் 5 வினாடிக்குள் விமானம் அதன்படி ஏறத் தொடங்க வேண்டும். ஏறும் வேகத்தைக் கருவி காட்டும் பச்சைப் பகுதிக்குக் கொண்டுவந்து, 'டிகாஸ் ஆர்ஏ' (டிகாஸின் கட்டளைப்படி போகிறேன்) என்று வானொலியில் சொல்ல வேண்டும். அதைக் கேட்டதும் கட்டுப்பாட்டாளர் அந்த விமானத்துக்கு வேறு கட்டளை தரக்கூடாது. 'க்ளியர் ஆஃப் கான்ஃப்ளிக்ட்' (மோதல் ஆபத்து நீங்கியது) வந்தபின்தான் பழைய உயரத்துக்குத் திரும்பலாம்.

பயிற்சி விமானி நான். நான் ஏறி நிற்கவேண்டிய உயரத்துக்குச் சரியாக 1,000 அடி மேலேதான் இன்னொரு விமானம் இருக்கிறது, இருந்தும் டிகாஸ் எச்சரிக்கிறது. கருவியில் கோளாறா?

கோளாறு ஏறும் வேகத்தில். நிமிடத்துக்கு 3,000 அடி ஏறினால் 1,000 அடியைக் கடக்க 20 வினாடிதான். நீங்கள் நிற்கப்போவது கருவிக்குத் தெரியாது. இப்படியே போனால் மோதும் என்றே கணக்கிடும். கடைசி 1,000 அடியில் வேகத்தை 1,500க்குக் கீழே குறைத்துவிடுங்கள்.

டிகாஸ் இருந்தும் 2025இல் வாஷிங்டனில் விமானமும் ஹெலிகாப்டரும் எப்படி மோதின?

தரைக்கு மிக அருகில் டிகாஸ் வழி சொல்லாது. சுமார் 1,000 அடிக்குக் கீழே ஏறு, இறங்கு என்ற கட்டளைகள் நின்றுவிடும். கீழே நிலம் இருப்பதால் அப்படி வடிவமைத்திருக்கிறார்கள். ஜனவரி 29 இரவு மோதல் நடந்தது 300 அடிக்கும் குறைவான உயரத்தில். 'டிராஃபிக், டிராஃபிக்' (அருகில் விமானம்) என்ற எச்சரிக்கை மட்டும் சுமார் 20 வினாடிக்கு முன் வந்தது. 67 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

என் பார்வையில் உண்மையான பிழை பாதையிலேயே இருந்தது. ஆற்றோரம் போகும் ஹெலிகாப்டர் தடத்தின் உச்சவரம்பு 200 அடி. 33ஆம் எண் ஓடுபாதைக்கு இறங்கும் விமானம் அதற்கு 75 அடி மட்டுமே மேலே வரக்கூடிய இடம் அந்தத் தடத்தில் இருந்தது. உயரமானி சற்றே பிசகினாலும் தீர்ந்துவிடும் இடைவெளி அது. அதில் காற்றழுத்த அளவை 3 ஹெக்டோபாஸ்கல் (அழுத்தத்தின் அலகு) தவறாக வைத்தாலே ஏறக்குறைய 80 அடி மாறிவிடும்.

மிச்சமிருந்தது கண் மட்டும். ஹெலிகாப்டரில் இருந்தவர்கள் விமானத்தைப் பார்த்துவிட்டதாகவே சொன்னார்கள். ஆனால் இரவில், நகர விளக்குகளின் பின்னணியில், சரியான விளக்கைத்தான் பார்க்கிறோம் என்பதற்கு என்ன உறுதி? நேராக மோதவரும் விமானம் கண்ணாடியில் நகராது. ஒரே இடத்தில் ஒரு புள்ளியாக நிற்கும், கடைசி சில வினாடிகளில் திடீரெனப் பெரிதாகும். நகரும் பொருளைத்தான் நம் கண் சட்டென்று பிடிக்கும். பார்த்து, புரிந்து, விமானத்தைத் திருப்ப 12.5 வினாடி ஆகும் என்று அமெரிக்க விமானத்துறையே கணக்குச் சொல்கிறது.

விபத்துக்குப் பின் அந்தத் தடத்தின் அப்பகுதியை மூடிவிட்டார்கள்.

இந்தியாவில் நடந்த சர்க்கி தாத்ரி மோதலுக்கும் இதுவா காரணம்?

அங்கேயும் பாதைக்குப் பங்கு உண்டு. 1996 நவம்பர் 12இல் டெல்லிக்கு வருபவர்களுக்கும் போகிறவர்களுக்கும் ஒரே வழி. இறங்கிவந்த கஜகஸ்தானின் இல்யூஷின் விமானத்துக்கு 15,000 அடி, ஏறிச்சென்ற சவுதியின் போயிங் 747க்கு 14,000 அடி என்று கட்டுப்பாட்டாளர் உயரம் தந்திருந்தார். இல்யூஷின் தன் உயரத்தில் நிற்காமல் கீழே வந்துவிட்டது. அதில் வானொலியில் பேசியவரின் இருக்கையில் உயரமானி இல்லை. விமானிகளின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. 349 பேர் இறந்தபின் வருகைக்கும் புறப்பாட்டுக்கும் வழிகளைப் பிரித்தார்கள், டிகாஸையும் கட்டாயமாக்கினார்கள்.