ஊதா ஏன் சேறாகிறது?

வணக்கம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் சிவப்பையும் நீலத்தையும் கலந்தால் ஊதா வராமல் சேற்று நிறம் வருகிறது என்று எழுதியிருந்தீர்கள். பிள்ளைகள் மேல் தவறில்லை, வண்ண டியூபைப் பாருங்கள். நீங்கள் சொன்ன வெர்மிலியன் சிவப்பில் மஞ்சள் சாயல் உண்டு. பிரஷ்யன் நீலம் பச்சைப் பக்கம் சாயும். ஆக, கேட்காமலே மஞ்சளும் உள்ளே வந்துவிடுகிறது. மூன்று முதன்மை நிறங்களும் சேர்ந்தால் பழுப்புதான்.

ஊதாப் பக்கம் சாயும் கிரிம்சன் சிவப்பும் அல்ட்ராமரைன் நீலமும் கொடுத்துப் பாருங்கள். கலவை முதலில் கிட்டத்தட்டக் கறுப்பாகத்தான் தெரியும், பயப்பட வேண்டாம். தூரிகை நுனியில் கொஞ்சம் வெள்ளை தொட்டுக் கலக்கினால் கத்திரிப்பூ நிறம் பளிச்சென்று எழும்பும். அந்த நொடியில் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டும்!

அப்புறம், நிறங்களை வட்டமாக அடுக்கிக் காட்டும் வண்ணச் சக்கரம் வரைவதை இரண்டு வாரம் தள்ளி வையுங்கள். முதலில் மேசையில் ஒரு கத்திரிக்காயை வைத்து, கறுப்பு டியூபைத் தொடாமல் வரையச் சொல்லுங்கள். மேசையில் விழும் நிழலுக்கு ஊதாவில் துளித்துளியாக மஞ்சள் சேர்க்கட்டும். நிறம் அடங்கிக்கொண்டே வரும். சக்கரத்தில் ஊதாவுக்கு நேர் எதிரே இருப்பது மஞ்சள்; எதிர் நிறம் என்றால் என்ன என்பது அப்போது கையிலேயே புரிந்துவிடும். தூரிகை கழுவ ஆளுக்கு இரண்டு கிண்ணம் தண்ணீர் வையுங்கள்.