ஸ்டோக்சே கோட்டை: பாஸ் வாங்குவதா, டிக்கெட்டா?

கேள்வி: ஜூலையில் பெற்றோரையும் 9 வயது மகனையும் அழைத்துக்கொண்டு இங்கிலாந்து போகிறோம். ஷ்ராப்ஷையரில் உள்ள ஸ்டோக்சே கோட்டையைப் பார்க்க வேண்டும். இங்கிலாந்தின் பழைய கோட்டைகளையும் நினைவிடங்களையும் பராமரிக்கும் இங்கிலீஷ் ஹெரிடேஜ் அமைப்பின் 9 நாள் பாஸ் லாபமா? அப்பாவுக்கு மூட்டுவலி. அவரால் சுற்றிப் பார்க்க முடியுமா?

பதில்: வெளிநாட்டுப் பயணிகளுக்கான அந்த பாஸ் 9 நாள், 16 நாள் என இரண்டு வகை. இரண்டிலுமே நாட்கள் தொடர்ச்சியாகக் கணக்காகும். இடையில் லண்டனில் உறவினர் வீட்டில் 4 நாள் தங்கினால் அவையும் அதில் கழிந்துவிடும். எனவே பார்க்க விரும்பும் இடங்களை முதலில் பட்டியல் போடுங்கள். ஸ்டோன்ஹெஞ்ச், டோவர் கோட்டை, கெனில்வர்த் போன்றவை பாஸில் அடங்கும். பலர் ஏமாறுவது லண்டன் டவரிலும் வின்ட்சர் கோட்டையிலும்தான். அவற்றை நடத்துவது வேறு அமைப்புகள், பாஸ் அங்கே செல்லாது. ஸ்டோக்சே ஒன்றை மட்டும் பார்ப்பதென்றால் தனி டிக்கெட் போதும். அதையும் வாசலில் வாங்காமல் இணையத்தில் முன்பதிவு செய்தால் மலிவு.

பணம் கட்டும் முன் என்ன கிடைக்கும் என்றும் தெரிந்துகொள்ளுங்கள். பெயர்தான் கோட்டை. உண்மையில் இது லாரன்ஸ் ஆஃப் லட்லோ என்ற பெரும் கம்பளி வியாபாரி 1280-களில் கட்டத் தொடங்கிய வீடு. கோட்டைபோல் அரண் அமைக்க 1291-ல்தான் அரச அனுமதி பெற்றார். கட்டில், மேசை, திரைச்சீலை எதிர்பார்த்துப் போகிறவர்கள் "காலி வீட்டுக்கா இவ்வளவு காசு!" என்று சலித்துக்கொள்வார்கள். அந்த வெறுமைதான் இதன் மதிப்பு என்பேன். கூடத்தின் நடுவே தரையில் அடுப்பு, புகைபோக்கி கிடையாது. அண்ணாந்து பார்த்தால் கூரை உத்தரங்களில் புகைக் கறுப்பு தெரியும். கூடத்து மரப்படிக்கட்டும் அந்தக் காலத்ததே. மாடி அறையின் மரவேலையும் நுழைவாயில் கட்டடமும் மட்டும் 17-ம் நூற்றாண்டில் சேர்ந்தவை.

அப்பா முற்றத்தையும் கூடத்தையும் நிதானமாகப் பார்க்கலாம். மாடி அறைக்கு வெளிப்புறப் படிக்கட்டு ஏற வேண்டும். கோபுரப் படிகள் செங்குத்து, லிஃப்ட் இல்லை. ரயிலில் போனால் ஷ்ரூஸ்பரி–ஹெரஃபோர்ட் பாதையில் கிரேவன் ஆர்ம்ஸ் நிலையத்தில் இறங்கி ஏறக்குறைய 1.5 கி.மீ. நடக்க வேண்டும். மூட்டுவலிக்காரருக்கு அது அதிகம், டாக்சியை முன்கூட்டியே சொல்லிவைக்கவும். குளிர்காலத்தில் பெரும்பாலும் வார இறுதியில்தான் திறப்பார்கள். ஜூலையில் அந்தக் கவலையில்லை.

கேள்வி: முன்பதிவில் ஒரே டிக்கெட்டுக்கு இரண்டு விலை காட்டுகிறதே, எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: கூடுதல் விலையில் நன்கொடையும் சேர்ந்திருக்கிறது. 'கிஃப்ட் எய்ட்' திட்டப்படி பிரிட்டனில் வருமான வரி கட்டுவோர் அதைத் தேர்ந்தெடுத்தால், அரசிடமிருந்து அமைப்புக்குக் கூடுதல் தொகை போகும். அங்கே வரி கட்டாத நீங்கள் கிஃப்ட் எய்ட் கட்டத்தில் டிக் செய்யக் கூடாது. நன்கொடை இல்லாத விலையே போதும், உள்ளே பார்ப்பதில் எந்த வேறுபாடும் இல்லை.

கேள்வி: லண்டனில் உள்ள அண்ணன் இங்கிலீஷ் ஹெரிடேஜ் உறுப்பினர். அவர் அட்டையில் நாங்கள் எல்லோரும் போகலாமா?

பதில்: முடியாது. அட்டையில் பெயர் உள்ளவருக்கு இலவசம். அவர் கூட வந்தால் குடும்பத்துப் பிள்ளைகள் 6 பேர் வரை, 18 வயதுக்கு உட்பட்டவர்கள், கட்டணமின்றி நுழையலாம். அண்ணன் வந்தால் உங்கள் மகனின் டிக்கெட் மிச்சமாகும், பெரியவர்கள் அனைவரும் கட்டணம் செலுத்த வேண்டும். ஆகவே மகனுக்கு முன்பதிவு செய்யும் முன் அண்ணனின் விடுமுறையை உறுதி செய்துகொள்ளுங்கள்.