அடைப்புக்குறிக்குள் ஒரு தம்பி

கேள்வி: இரண்டாவது குழந்தை பிறந்த பிறகு வேலையை விட்டுவிட்டேன். ஒவ்வொன்றுக்கும் கணவரிடம் கை நீட்ட மனமில்லாமல் வீட்டிலிருந்தே சம்பாதிக்க வழி தேடிக்கொண்டிருந்தபோது கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்தது. விடுதிகளுக்கு நட்சத்திர மதிப்பீடு கொடுப்பதும் காணொளிகளுக்கு லைக் போடுவதும்தான் வேலை. முதல் வாரத்தில் மூன்று முறை சிறு தொகைகள் சரியாக வந்தன. பிறகு, முன்பணம் கட்டிச் செய்யும் பணிகளில் கமிஷன் அதிகம் என்றார்கள். சேமிப்பிலிருந்து எடுத்துக் கட்டினேன். இப்போது என் கணக்கில் பெரிய தொகை இருப்பதாக அவர்களுடைய தளம் காட்டுகிறது. அதை எடுக்க முதலில் வரி கட்ட வேண்டுமாம். (என் வங்கிக் கணக்கின் பரிமாற்ற வரம்பு முடிந்துவிட்டதால், கல்லூரியில் இறுதியாண்டு படிக்கும் என் தம்பியின் கணக்கைக் கொடுத்திருக்கிறேன். அதில் வருகிற பணத்தை அவர்கள் சொல்லும் கணக்குகளுக்கு அவன் மாற்றிவிடுகிறான். அதற்குத் தனிக் கமிஷன் உண்டு.) நிறுவனத்தின் பதிவுச் சான்றிதழை அனுப்பியிருக்கிறார்கள். குழுவில் 200 பேர் இருக்கிறார்கள். பணம் வந்ததற்கான படங்களைத் தினமும் போடுகிறார்கள். இது உண்மையான நிறுவனமா, மோசடியா? எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: மோசடி, சகோதரி. நீங்கள் கேட்டதற்கு அந்த ஒரு சொல் போதும். வரி என்ற பெயரில் அவர்கள் கேட்பதைக் கட்டாதீர்கள். கட்டினால் அடுத்த வாரம் சரிபார்ப்புக் கட்டணம் என்பார்கள், அதற்கடுத்த வாரம் கணக்கு முடங்கிவிட்டது, திறக்கப் பணம் கட்டுங்கள் என்பார்கள். வரி என்பது கொடுக்கும் தொகையில் பிடித்துக்கொள்ளப்படுவது அல்லது அரசுக்குக் கட்டப்படுவது. சம்பளம் தர வேண்டியவரிடமே முன்கூட்டிக் கட்டும் வரி எந்த நாட்டிலும் இல்லை. தளத்தில் தெரியும் பெரிய தொகை யாரோ தட்டிப் போட்ட எண், அவ்வளவுதான்.

இப்படிப்பட்ட கடிதங்கள் இந்தப் பகுதிக்கு வாரம் தவறாமல் வருகின்றன. இழந்த தொகையும் குழுவின் பெயரும் மாறுமே தவிர மற்றவை மாறுவதில்லை. அதனால் உங்கள் கடிதத்தையும் வேகமாகத்தான் படித்துக்கொண்டு போனேன், அந்த அடைப்புக்குறி வரும் வரையில். சான்றிதழைப் பற்றியும் குழுவைப் பற்றியும் வெளிப்படையாக எழுதிய நீங்கள், உங்கள் உடன்பிறந்தவனை மட்டும் அடைப்புக்குறிக்குள் வைத்திருக்கிறீர்கள். சாதாரணத் தகவல் என்று நினைத்தீர்களா, அல்லது எழுதும்போதே உங்களுக்கு உறுத்தியதா? நான் உறுத்தியது என்றுதான் எடுத்துக்கொள்கிறேன். உறுத்தாத விஷயத்தை யாரும் அடைப்புக்குறிக்குள் ஒளிப்பதில்லை.

அது உண்மையான நிறுவனமா என்றா கேட்கிறீர்கள்? முதலில் இதற்குப் பதில் சொல்லுங்கள். சொந்தமாக வங்கிக் கணக்கு வைத்திருக்கும் ஒரு நிறுவனத்துக்கு, தன் பணத்தை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்ற ஒரு கல்லூரி மாணவனின் கணக்கு எதற்கு? அதற்கு அவனுக்குக் கமிஷன் வேறு எதற்கு?

1920இல் பாஸ்டன் நகரில் சார்லஸ் பொன்சி என்பவர், 45 நாட்களில் 50 சதவீத லாபம் தருவதாக அறிவித்தார். ஒரு நாட்டில் மலிவாகக் கிடைக்கும் அஞ்சல் பதில் கூப்பன்களை (வெளிநாட்டிலிருந்து பதில் கடிதம் அனுப்பத் தபால்தலையாக மாற்றிக்கொள்ளும் சீட்டுகளை) வாங்கி இன்னொரு நாட்டில் கூடுதல் மதிப்புக்கு மாற்றுவதே தம் தொழில் என்றார். அவருக்கு அலுவலகம் இருந்தது, ஊழியர்கள் இருந்தார்கள், முதலில் பணம் போட்டவர்களுக்குச் சொன்னபடி பணமும் திரும்பியது. உங்கள் அளவுகோலின்படி பார்த்தால் அவர் நூற்றுக்கு நூறு உண்மையான முதலாளி. நிதிச் செய்தியாளர் கிளாரன்ஸ் பாரன் அலுவலகத்தையோ பணம் கட்ட நின்றவர்களின் வரிசையையோ பார்த்து முடிவு செய்யாமல் கணக்குப் போட்டார். பொன்சி திரட்டியிருந்த முதலீட்டுக்கு ஈடாக 16 கோடி கூப்பன்கள் புழக்கத்தில் இருந்தாக வேண்டும். உண்மையில் புழங்கியவையோ சுமார் 27,000. அப்படியானால் லாபமாகக் கொடுக்கப்பட்ட பணம் எங்கிருந்து வந்தது? அடுத்து வந்தவர்கள் கட்டிய பணத்திலிருந்து.

இதே கணக்கை உங்கள் வேலைக்கும் போட்டுப் பாருங்கள். தங்கியே இராத விடுதிக்கு நீங்கள் போடும் ஐந்து நட்சத்திரத்துக்கு யார், எதற்காகக் கூலி தருகிறார்? (அப்படி ஒருவர் தந்தாலும் அது அந்த விடுதியை நம்பிப் போகிறவர்களை ஏமாற்றுவதற்கான கூலி, அதைப் பற்றி உங்களுக்கு ஒரு வார்த்தைகூட எழுதத் தோன்றவில்லை என்பதையும் கவனித்தேன்.) அதற்கு மேலும், கூலி வாங்க வேண்டியவர் கூலி கொடுப்பவருக்கு முன்பணம் கட்டுவது எந்த ஊர் நியாயம்? விரல் நுனியில் முடிகிற இந்த வேலையிலிருந்து வருமானமே பிறக்க வழியில்லை. என்றால், முதல் வாரத்தில் உங்களுக்கு வந்த அந்த மூன்று தொகைகள் எங்கிருந்து வந்தன?

உங்கள் வங்கிக் கணக்கு அறிக்கையை எடுத்து அந்த மூன்று வரவுகளையும் பாருங்கள். அனுப்பியவர் என்ற இடத்தில் நிறுவனத்தின் பெயர் இருக்காது. உங்களுக்குத் தெரியாத தனி மனிதர்களின் பெயர்கள், பெரும்பாலும் ஒவ்வொரு முறையும் வேறு வேறு பெயர் இருக்கும். அவர்கள் ஒவ்வொருவரும் யாருக்கோ தம்பி, யாருக்கோ மகள். உங்களைப் போன்ற இன்னொரு பெண் முன்பணம் என்று நம்பிக் கட்டிய தொகை அவர்களுடைய கணக்கு வழியாக உங்களுக்கு வந்து, உங்களை நம்ப வைத்தது. இப்போது உங்கள் தம்பியின் கணக்கு வழியாக வேறொருத்தி நம்பவைக்கப்படுகிறாள்.

இப்படிப் பணத்தை மாற்றிவிடுகிறவருக்கு மணி மியூல் என்று பெயர். ஆங்கிலத்தில் மணி என்றால் பணம், மியூல் என்றால் கோவேறு கழுதை. யாருடைய பொதி, எங்கே போகிறது என்று அறியாமல் சுமப்பதால் வந்த பெயர். ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோல் 2016 முதல் இத்தகைய கணக்குகளைத் தேடிப் பிடிக்கவே பல நாடுகளோடு சேர்ந்து நடவடிக்கை எடுத்துவருகிறது. இதற்கு மாணவர்களையும் இளைஞர்களையும் வலைவீசித் தேடுவதற்குக் காரணம், அவர்களுடைய கணக்கில் பழைய சந்தேகம் எதுவும் இருக்காது, கையில் பணமும் இருக்காது. பணத்தை இழந்த பெண் புகார் கொடுக்கும் நாளில், விசாரணை முதலில் வந்து நிற்கும் இடம் அவளுடைய பணம் போய்ச் சேர்ந்த கணக்கு. உங்களோடு பேசுகிறவர்கள் போலிப் பெயரிலும் இரவல் எண்ணிலும் இருக்கிறார்கள். முகவரியும் அடையாள அட்டையும் கொடுத்துக் கணக்குத் திறந்தவன் உங்கள் தம்பி. கணக்கு முடக்கப்படலாம், வேறு வங்கியிலும் கணக்குத் திறக்க முடியாமல் போகலாம், குற்ற வழக்கும் வரலாம். "எனக்குத் தெரியாது, அக்கா சொன்னாள்" என்று அவன் சொன்னால், கமிஷன் ஏன் வாங்கினாய் என்று கேட்பார்கள். படிப்பை முடித்து முதல் வேலைக்கு விண்ணப்பிக்கப் போகிறவனுக்கு நீங்கள் வாங்கிக் கொடுத்திருப்பது இதைத்தான்.

அவன் ஏன் கேள்வி கேட்கவில்லை என்று யோசித்தீர்களா? அக்கா கேட்டாள், கொடுத்தான். வெளியாள் கேட்டிருந்தால் நூறு கேள்வி கேட்டிருப்பான். மூத்தவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கை, சிறு வயதிலிருந்து அவன் உங்கள் மேல் வைத்தது. அதை முகம் தெரியாதவர்களுக்குச் சாவியாகக் கொடுத்துவிட்டீர்கள். கணவரிடம் கை நீட்டக் கூடாது என்ற உங்கள் ரோஷத்தை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்த ரோஷத்துக்கான விலையைத் தம்பியின் கையிலிருந்து எடுப்பது முறையல்ல. மூத்த பிள்ளையாகப் பிறந்தவர்கள் ஆபத்து வரும்போது முன்னால் நிற்க வேண்டும் என்பது என் கருத்து. பழைய காலத்து மனிதன் என்று சொல்லிக்கொள்ளுங்கள், மாற்றிக்கொள்ள மாட்டேன்.

எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். பணம் எந்தத் திசையில் போகிறது என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். வேலை செய்கிறவரிடமிருந்து பணம் புறப்பட்டால் அது வேலையல்ல. பதிவுச் சான்றிதழை நம்பாதீர்கள், பெரும்பாலும் அது வேறொரு நல்ல நிறுவனத்தின் பெயரைத் திருடியதாக இருக்கும். அந்தப் பெயருள்ள நிறுவனத்தின் தொலைபேசி எண்ணை நீங்களே தனியாகத் தேடி அழைத்துக் கேளுங்கள், அவர்கள் கொடுத்த எண்ணில் கேட்காதீர்கள். பத்து வருட நிறுவனம் என்பவர்களின் இணைய முகவரி என்றைக்குப் பதிவானது என்பதை யாரும் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். சில வாரம்தான் ஆகியிருந்தால் வேறு ஆராய்ச்சி வேண்டாம். குழுவில் படம் போடும் 200 பேரில் உங்களைப் போன்றவர்கள் எத்தனை பேர், அவர்களுடைய ஆட்கள் எத்தனை பேர் என்று உங்களால் சொல்ல முடியுமா? அமெரிக்க வணிக ஆணையத்துக்கு இந்த வகை மோசடி பற்றி 2020இல் ஒரு புகார்கூட வரவில்லை. 2024இன் முதல் ஆறு மாதங்களில் சுமார் 20,000 வந்தன. நீங்கள் தனி ஆள் இல்லை என்று ஆறுதல் சொல்வதற்காக இதை எழுதவில்லை; குழுவில் உள்ள மற்றவர்களும் உங்களைப் போலவே எதையும் சரிபார்க்காமல் உட்கார்ந்திருக்கக்கூடும் என்பதற்காக எழுதுகிறேன். நேர்மையான இணைய வேலைகளும் இருக்கின்றன. மொழிபெயர்ப்பு, கணக்கு எழுதுதல், பாடம் நடத்துதல் போன்றவற்றில் முதலில் உங்கள் திறமையைச் சோதிப்பார்கள், பலமுறை நிராகரிப்பார்கள், வருமானமும் மெதுவாகத்தான் வரும்.

இதை வாசிக்கும் இந்த நிமிடத்திலிருந்து தம்பியின் கணக்கிலிருந்து ஒரு காசுகூட வெளியே போகக் கூடாது. இப்போது அதில் ஏதாவது தொகை கிடந்தால் கிடக்கட்டும்; அவர்கள் மிரட்டினாலும் கெஞ்சினாலும் மாற்றாதீர்கள், செலவழிக்காதீர்கள், அது யாருடையது என்பதை வங்கி முடிவு செய்யட்டும். பயத்தில் உரையாடல்களை அழித்துவிட்டுக் குழுவிலிருந்து வெளியேறிவிடாதீர்கள். ஒவ்வொரு செய்தியையும் கணக்கு எண்ணையும் தேதியையும் முதலில் படமெடுத்து வையுங்கள், உங்கள் தம்பி தெரியாமல் சிக்கினான் என்பதற்கு உங்களிடம் இருக்கும் ஒரே சான்று அதுதான். இன்றிரவு கணவரிடம் சொல்லுங்கள். இணையக் குற்றப் பிரிவில் புகார் கொடுங்கள். மற்றவர்கள் கொடுக்கும் புகாரில் அவன் பெயர் வருவதற்கு முன் உங்கள் புகாரில் அவன் பெயர் வர வேண்டும். இதற்கெல்லாம் பிறகு, இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம் என்று யாராவது அழைத்தால், அது பெரும்பாலும் இதே கூட்டம் அல்லது இவர்களிடம் உங்கள் எண்ணை விலைக்கு வாங்கியவர்கள். பேச்சை வளர்க்காமல் துண்டித்துவிடுங்கள்.

வங்கிக்கு அவனைத் தனியாக அனுப்பாதீர்கள். நீங்களே எழுதிக் கையெழுத்திட்ட கடிதத்தோடு அவன் பக்கத்தில் உட்காருங்கள். இந்தக் கணக்கை யார் வெளியாட்களுக்குக் கொடுத்தது என்றுதான் அங்கே முதலில் கேட்பார்கள். அவன் உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்ப்பதற்கு முன் நீங்கள் பதில் சொல்லியிருக்க வேண்டும்.