வள்ளலா, ஒப்புரவாளரா?

கேள்வி: 2019 கோடையில் சென்னை ஏரிகள் வறண்டபோது எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் தன் வீட்டு போர் தண்ணீரை, வாசலில் குழாய் வைத்து, தெருவுக்கே திறந்துவிட்டார். குழாய் இன்னும் இருக்கிறது. பொங்கல் விழாவில் அவருக்குக் கேடயம் தருகிறோம். 'வள்ளல்' என்று போடலாம் என்றால் வேண்டாம் என்கிறார். 'ஒப்புரவாளர்' என்று போடச் சொல்கிறார் ஒரு தமிழாசிரியர். அதற்கு என்ன பொருள்?
- வாசகி, பெரம்பூர்

பதில்: ஆசிரியர் சொன்னதுதான் சரி. ஒன்றாம் வகுப்பில் ஆத்திசூடி படித்திருப்பீர்கள், 'ஐயமிட்டு உண்' என்ற வரிக்கு அடுத்த வரியே 'ஒப்புர வொழுகு'. ஐயம் என்றால் இல்லாதவருக்கு இடுவது, இட்டால் முடிந்தது. ஒப்புரவையோ 'ஒழுகு' என்கிறார் ஔவை, அதாவது ஒரு நாள் செய்துவிட்டுப் போகிற காரியமாக இல்லாமல் அப்படியே நடந்துகொண்டிருப்பது, உங்கள் பெரியவர் வைத்த குழாய் இன்றைக்கும் இருக்கிறதே, அதுபோல.

வள்ளுவரும் இரண்டையும் பிரித்துத்தான் வைத்தார். 22-ஆம் அதிகாரம் ஒப்புரவறிதல், 23 ஈகை. 'வறியார்க்கொன்று ஈவதே ஈகை' என்று அதற்கு எல்லை கட்டிவிடுகிறார். ஒப்புரவுக்கு அந்த எல்லை இல்லை. ஒத்தல் என்பதிலிருந்து வந்த சொல் அது, ஊரோடு ஒத்து வாழ்பவன் தன்னிடம் இருப்பதை ஊருக்கும் உரியதாக நினைத்து நடப்பது. வள்ளல் என்றதுமே கொடுப்பவர் மேலே, வாங்குபவர் கீழே என்று ஆகிவிடுகிறது, பெரியவர் வேண்டாம் என்றது அதனால்தானோ என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தக் கோடையில் குடத்தோடு நின்றவர்கள் எல்லாரும் ஏழைகளா என்ன? காசிருந்தும் லாரி வராமல் தவித்தவர்கள் எத்தனை பேர்!

215-ஆம் குறள் அவருக்காகவே எழுதினது போல இருக்கிறது:

ஊருணி நீர்நிறைந் தற்றே உலகவாம்
பேரறி வாளன் திரு.

ஊருணி, ஊர் உண்ணும் நீர்நிலை. உலகத்தை விரும்பி வாழும் பேரறிவாளனின் செல்வம் அந்த ஊருணி நிறைந்தது போல என்கிறார். அதில் யாரும் யாரிடமும் கை நீட்டுவதில்லை, குடத்தோடு போய் மொண்டுகொள்வதுதான். கேடயத்தில் பெயருக்குக் கீழே இந்தக் குறளைப் போடுங்கள்.

அப்புறம், தெருவில் கிறிஸ்தவக் குடும்பங்கள் இருந்தால் அவர்களுக்கு ஒப்புரவு என்றதும் சமாதானமாவது, இறைவனோடு மீண்டும் இணைவது என்ற பொருள்தான் முதலில் தோன்றும். பைபிள் தமிழில் அப்படித்தான் வழங்குகிறது, அதுவும் பிழையில்லை. மேடையில் ஒரு வரி விளக்கம் சொல்லிவிட்டால் போதும்.

கேடயம் செய்யக் கொடுக்கும்போது எழுத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள், 'உறவு' நினைவில் வல்லின 'ற' போட்டுவிடுவார்கள், இடையின 'ர'தான் சரி.