தெனியாயக் காட்டு மண்ணை நெடுங்கேணிக்கு ஏற்றலாமா?

கேள்வி: ஐயா, வன்னியில் நெடுங்கேணிப் பக்கம் ஒரு ஏக்கர் மேட்டுக்காணி செய்கிறேன். மச்சான் தெனியாயவில் சிங்கராஜக் காட்டோரம் தேயிலை வைத்திருக்கிறார். அங்கே மண் கரிபோலக் கிடக்கிறது. பசளை பெரிதாகப் போடாமலே மிளகு மரம் உச்சிவரை ஏறியிருக்கிறது. வரும்போது இரண்டு உரப்பை மண்ணும் இருபது மிளகுக் கன்றும் கொண்டுவந்து கிளிசரியா மரத்தில் ஏற்றிவிட்டேன். மச்சான் சொன்னபடி டொலமைட் சுண்ணாம்புத் தூளும் பாறைப் பொஸ்பேற்றும் போட்டேன். இப்போது குருத்திலை மஞ்சளாகிறது, நரம்பு மட்டும் பச்சையாக இருக்கிறது. ஒரு லொறி மண் எடுப்பிக்கலாமா? அல்லது எங்கள் பக்கத்துக் காட்டு மண்ணை அள்ளிப் போட்டால் அதே பலன் வருமா?

பதில்: தம்பி, லொறிக்குச் சொல்லியிருந்தால் உடனே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பக்கத்துக் காட்டிலும் கை வைக்க வேண்டாம். ஏன் என்று விளங்கினால்தான் மனம் ஆறும், ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நீங்கள் பார்த்தது மேல் மண்ணை மட்டும். அடுத்த முறை போகும்போது மச்சானின் காணியில், காட்டு விளிம்பில், ஒரு முழம் ஆழத்துக்கு வெட்டிப் பாருங்கள். மேலே நனைந்த சருகு. அதற்குக் கீழே பாதி உக்கிய இலை. அதற்குள் வலைபோலப் பின்னிய மெல்லிய வேர்கள், வெள்ளை நூல்போலப் பூஞ்சணம். அதன் கீழே ஒரு சாண்கூட இராத கறுப்பு மண். அப்புறம் ஒரேயடியாக மஞ்சளும் சிவப்புமான களி. அந்தக் களியில் வேர் மிகக் குறைவாகவே இருக்கும். மரத்துக்கு அங்கே தேட ஒன்றும் இல்லை என்பதற்கு அதுவே அடையாளம்.

காரணம் மழை. கடலிலிருந்து வரும் ஈரக்காற்று தென்மேற்குச் சரிவில் மோதி மேலேறும்போது அங்கேயே கொட்டிவிடுகிறது. சிங்கராஜப் பக்கம் வருடத்துக்கு 3,000 மில்லிமீற்றருக்கு மேல் பெய்யும், மழையே இல்லாத மாதம் என்று ஒன்று கிடையாது. கேரளாவிலும் கொங்கணத்திலும் மேற்குத் தொடர்ச்சி மலையின் கடலைப் பார்த்த பக்கமும் இதே மாதிரித்தான். இத்தனை தண்ணீர் ஆயிரக்கணக்கான வருடங்களாக மண்ணுக்குள் இறங்கினால் என்ன மிஞ்சும்? கல்சியம், மக்னீசியம், பொட்டாசியம் எல்லாம் கழுவப்பட்டு ஆற்றோடு போய்விடும். கரையாத இரும்பும் அலுமினியமும் தங்கும். மண்ணின் சிவப்பும் மஞ்சளும் அந்த இரும்பின் நிறம். எங்கள் மண்ணியல் புத்தகங்களில் செம்மஞ்சள் பொட்சொலிக் மண் என்று சொல்வது இதைத்தான். மழை கூடிய தாழ்நிலங்களில் இந்த இரும்பு திரண்டு கபுக்கல்லாகவும் ஆகிறது. ஈரமாக இருக்கும்போது வெட்டி எடுத்து, வெயிலில் இறுகவிட்டு வீடு கட்டுவார்களே, அந்தக் கல். கேரளாவின் அங்காடிப்புரத்தில் அதைப் பார்த்துத்தான் 1807இல் பிரான்சிஸ் புக்கானன் லாட்டரைட் என்று பெயர் வைத்தார்.

அந்த மண் நல்ல புளிப்பு. புளிப்பைக் காட்டும் பிஎச் அளவு (7க்குக் கீழே குறையக் குறையப் புளிப்பு கூடும்) பெரும்பாலும் 4க்கும் 5க்கும் இடையில் நிற்கும். அந்தப் புளிப்பில் அலுமினியம் கரைந்து வேர் நுனியைக் கருக்கும். இரும்பும் அலுமினியமும் சேர்ந்து பொஸ்பரசையும் பிடித்து வைத்துக்கொள்ளும். அப்படியிருந்தும் காடு செழிப்பது எப்படி? சத்து மண்ணில் இல்லை, மரத்திலும் சருகிலும் இருக்கிறது. இலை விழுகிறது, உக்குகிறது, களிக்குள் இறங்க முன்னரே மேல் வேர்கள் அதை உறிஞ்சிவிடுகின்றன. விழுவதும் எடுப்பதுமாக ஒரு சுற்று. காட்டை வெட்டினால் சுற்று அறுந்துவிடும், இரண்டு மூன்று வருடத்தில் அதே இடம் வெறும் களியாகும். செங்குத்துச் சரிவில் மண்ணே நிலைகொள்ளாது. முகட்டில் மண் மெல்லிசு, வழிந்து வந்தது அடிவாரத்தில் தடித்துக் கிடக்கும். கடும் மழையில் ஊறிப் பாரம் ஏறினால் சரிவோடு நழுவும். 2017 மே மாதம் இரத்தினபுரி, களுத்துறை, மாத்தறைப் பக்கம் மண் சரிந்து எத்தனை குடும்பங்கள் போயின என்பது உங்களுக்கும் நினைவிருக்கும்.

இப்போது உங்கள் காணிக்கு வருவோம். நெடுங்கேணியில் மழை அதில் பாதிக்கும் குறைவு, அதிலும் பெரும்பகுதி ஐப்பசி தொடங்கி மார்கழிக்குள் முடிந்துவிடும். மற்றக் காலம் வெயிலும் சோழகக் காற்றும். கழுவிப் போக இங்கே தண்ணீர் போதாது, அதனால் கல்சியமும் மக்னீசியமும் மண்ணிலேயே நிற்கின்றன. உங்கள் செங்கபில மண்ணின் பிஎச் அநேகமாக 6க்கும் 7க்கும் இடையில் இருக்கும். தாதுச் சத்தை மட்டும் எடுத்துப் பார்த்தால் உங்கள் மண் தெனியாயக் களியைவிட வசதியானது! நிறத்தைப் பார்த்து அதை ஏழை மண் என்று நினைத்துவிட்டீர்கள். இதற்கு இல்லாதது உக்கல் ஒன்றுதான். எங்கள் சூட்டுக்கு இலைகுழை சீக்கிரம் எரிந்துபோகும், மிச்சத்தைக் கறையான் தின்னும்.

டொலமைட் புளிப்பு மண்ணுக்கு மருந்து. மச்சானுக்கு அது சரி, உங்களுக்குத் தேவையே இல்லை. எப்பாவலப் பாறைப் பொஸ்பேற்றும் அப்படித்தான்: புளிப்பு மண்ணில் மெல்லக் கரைந்து தேயிலைக்கும் இறப்பருக்கும் உதவும், உங்கள் மண்ணில் கல்லாகவே கிடக்கும். பொஸ்பரஸ் தேவையென்றால் கரையக்கூடிய ரிஎஸ்பி உரம் போடுங்கள். குருத்திலை மஞ்சளாகி நரம்பு பச்சையாக நிற்பது பெரும்பாலும் இரும்புக் குறைபாடு. மண்ணில் இரும்பு இருக்கிறது, டொலமைட் பிஎச்சை ஏற்றியதால் வேருக்கு அது எட்டவில்லை. கிணற்றுத் தண்ணீரும் கூட்டாளியாக இருக்கலாம். கேத்திலின் அடியைத் தடவிப் பாருங்கள். வெள்ளையாகச் சொரசொரத்தால், ஒவ்வொரு இறைப்பிலும் கொஞ்சம் சுண்ணாம்பையும் சேர்த்தே ஊற்றுகிறீர்கள்.

டொலமைட்டை இன்றே நிறுத்துங்கள். இரும்பும் நாகமும் (சிங்க்) உள்ள நுண்ணூட்டக் கரைசலைப் பின்னேரத்தில் இலையின் அடிப்பக்கம் படத் தெளித்தால் குருத்து தெளியும். அது தற்காலிகம்தான். மண்ணைப் பரிசோதிக்க உங்கள் விவசாயப் போதனாசிரியரிடம் கொடுங்கள். கொண்டுவந்த மண் கிடக்கும் இடத்தில் வேறொன்றையும் கவனியுங்கள். கொடி அடியில் கறுத்து இலை பொலபொலவென்று கொட்டினால் அது விரைவாடல், மண்ணோடு வரும் நோய். அந்தக் கொடியைப் பிடுங்கி எரியுங்கள், மண்வெட்டியைக் கழுவாமல் மற்றக் கொடிக்குப் போகாதீர்கள். லொறி வேண்டாம் என்று நான் முதலில் சொன்னதற்கு இந்தப் பயமும் ஒரு காரணம்.

கணக்கையும் பாருங்கள். ஒரு ஏக்கரில் ஒரு அங்குலம் பரப்ப 36 கியூப் (ஒரு கியூப் நூறு கன அடி) மண் வேண்டும், மூன்று கியூப் டிப்பர் என்றால் 12 லோட். அத்தனையும் கொட்டினாலும் அந்தக் கறுப்பு இங்கே சில போகத்தில் எரிந்துவிடும், மிஞ்சுவது புளித்த களி. பக்கத்துக் காட்டைச் சுரண்டினாலும் இதே கதை. வன இலாகா பிடிப்பது ஒரு பக்கம், பாலையும் வீரையும் முதிரையும் நிற்கும் அந்த மண்ணில் நல்லது மேல் நாலு விரல்தான். அதை எடுத்துவிட்டால் அங்கே விதை முளைக்காது. காட்டை எரித்துச் சேனைப் பயிர் செய்த எங்கள் பெரியவர்களுக்கு இது தெரியும். சாம்பல் இருந்த முதல் போகத்தில் குரக்கன் குலுங்கும், மூன்றாம் போகத்தில் இடம் மாறிவிடுவார்கள்.

தெனியாயவிலிருந்து நீங்கள் எடுத்துவர வேண்டியது அந்தச் சருகுப் போர்வையைத்தான், அதை இங்கேயே செய்யலாம். சிறுபோகம் முடிந்த கையோடு பட்டிக்காரர் ஒருவரிடம் பேசி, இரவில் காணியிலேயே மாட்டை அடைக்கச் சொல்லுங்கள், சில நாளுக்கொருமுறை பட்டியை நகர்த்தினால் காணி முழுக்க எரு விழும். மழை தொடங்கியதும் வேலிக் கிளிசரியாவையும் பூவரசையும் வெட்டிப் பரப்புங்கள். தை மாதம், மண் இன்னும் ஈரமாக இருக்கும்போதே, அதன் மேல் வைக்கலோ வாழைச் சருகோ அரையடி உயரத்துக்குப் போடுங்கள். காய்ந்த மண்ணை மூடிப் பயனில்லை. கறையான் வரும், வரட்டும், அது தின்பது பெரும்பாலும் காய்ந்த சருகைத்தான். கொடியின் தண்டிலிருந்து ஒரு சாண் விலக்கிப் போட்டால் போதும்.

மிளகு விடயத்தில் உங்களுக்கு ஆசை காட்ட நான் விரும்பவில்லை. ஒரு ஏக்கர் மிளகுக்கு நெடுங்கேணி வெயில் இடம் தராது. கிணற்றடியில், மாமரத்தின் நிழலில், சோழகம் நேரே அடிக்காத பக்கத்தில் நாலைந்து கொடி வீட்டுக்குக் காணும். திடமானவற்றை மட்டும் கார்த்திகை மழையில் வேர்மண்ணோடு கிளப்பி அங்கே மாற்றுங்கள். மேட்டுக்காணியை இந்தக் காலபோகத்துக்கு உழுந்துக்கும் கச்சானுக்கும் விடுங்கள். அறுவடை முடிந்ததும் கொடியையும் சக்கையையும் வரம்பில் குவித்து எரிக்காமல், அந்த இடத்திலேயே பரப்பிவிடுங்கள்.