மொறிஸ் மைனரின் முன்சில்லு ஏன் மடிகிறது?

கேள்வி: என்னிடம் 1961ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் 1000 ஒன்று உள்ளது. சென்ற மாதம் முற்றத்தில் பின்பக்கமாக எடுத்துத் திருப்பும்போது இடது முன்சில்லு அப்படியே மடிந்து விழுந்துவிட்டது. சில்லைத் தாங்கும் உறுப்பின் தேய்ந்த திருகுபுரியை வெல்டிங்கால் நிரப்பி, லேத்தில் மீண்டும் வெட்டித் தருவதாகக் கராஜில் சொல்கிறார்கள். முன் சஸ்பென்ஷனை நானே வீட்டில் கழற்றிப் புதுப்பிக்க முடியுமா?
வாசகர், சுன்னாகம்

பதில்: முடியும், ஆனால் அந்த வெல்டிங் யோசனையை முதலில் கைவிடுங்கள். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளிவந்த இந்தக் காரில், சில்லைத் தாங்கும் கிங் பின்னின் மேல்முனையும் கீழ்முனையும் ட்ரனியன் எனப்படும் உலோகத் துண்டுகளுக்குள் திருகுபுரியால் பூட்டப்பட்டுள்ளன. காரின் பாரம், முறுகி வில்லாக வேலை செய்யும் டோர்ஷன் பார் என்ற இரும்புத் தண்டின் வழியாக சஸ்பென்ஷனின் கீழ்க் கைக்கு வந்து, கீழ் ட்ரனியனைக் கிங் பின்னிலிருந்து கீழ்நோக்கி உருவப் பார்க்கிறது. கார் நின்றாலும் ஓடினாலும் அந்த இழுவிசையைத் தாங்குவது அந்தப் புரி மட்டுமே. கிறீஸ் இல்லாமல் புரி தேய்ந்து கூர்மையானால், ஸ்டியரிங்கை முழுவதுமாக வெட்டித் திருப்பும் ஒரு கணத்தில் கிங் பின் உருவிக்கொண்டு வந்துவிடும். உங்களுக்கு அது முற்றத்தில் நடந்தது நல்ல காலம்.

வலது பக்கத்தையும் விட்டுவைக்க வேண்டாம். கீழ்க் கையின் வெளிமுனைக்கு அடியில் ஜாக் வைத்துச் சில்லை உயர்த்தி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஒருவர் பிறேக்கை மிதித்துக்கொண்டிருக்கும்போதும் ஆட்டம் நிற்கவில்லையென்றால், அது பெயாரிங்கின் ஆட்டமன்று.

கழற்றும்போது மறக்கக் கூடாதது டோர்ஷன் பாரின் முறுக்கு. காரின் அடிச்சட்டத்தை உறுதியான ஸ்டாண்டுகளில் நிறுத்தி, கீழ்க் கையை ஜாக்கால் தாங்கிய பின்னரே மேல் ட்ரனியனை ஷொக் அப்சோர்பரின் கையிலிருந்து பிரிக்க வேண்டும். பிறகு ஜாக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினால் முறுக்கு தானாகவே தளர்ந்துவிடும். ஜாக்கை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் தலையை நீட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன். நீங்கள் அதைச் செய்யாதீர்கள். பிறேக் ஹோஸில் ஹப்பைத் தொங்கவிடுவதும் கூடாது. டோர்ஷன் பாரையும் கழற்றுவதானால் எது இடது, எது வலது என்று சோக்கால் எழுதி வையுங்கள். ஒரு பக்கத்தில் உழைத்துப் பழகிய பாரை மறுபக்கத்தில் போட முடியாது.

கிங் பின்னையும் ட்ரனியன்களையும் சேர்த்தே புதிதாக வாங்குங்கள். தேய்ந்த பின்னில் புதிய ட்ரனியனைப் போட்டால் அதுவும் விரைவில் தேய்ந்துபோகும். இவற்றிலும் இடது, வலது வேறு வேறு. கீழ் ட்ரனியனை இறுதிவரை திருகி, பிறகு சற்றுத் தளர்த்தி, ஸ்டியரிங் இரு பக்கமும் முழுவதுமாகத் திரும்பும்போது எங்கும் முட்டாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ரப்பர் புஷ்களின் நட்டுகளைக் கார் சில்லுகளில் இறங்கி, தன் வழக்கமான உயரத்தில் நின்ற பின்னரே இறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுகிய நிலையிலேயே இருந்து கிழிந்துவிடும். கடைசியாக, முன்சில்லுகளின் முன்பக்கங்கள் உள்நோக்கித் திரும்பியிருக்கும் அளவை, அதாவது டோ-இன்னை, 3/32 அங்குலத்துக்குச் சரிசெய்வியுங்கள்.

கிறீஸைப் பொறுத்தவரை ஆயிரம் மைலுக்கு ஒருமுறை என்பது என் பழக்கம். சில்லு நிலத்தில் நிற்கும்போது பாரம் ஏறிய புரிகளுக்கிடையே கிறீஸ் சரியாக நுழையாது. கீழ்க் கையை ஜாக்கால் உயர்த்தி அடித்தால்தான் நுழையும்.

கேள்வி: என் மைனரின் முன் ஷொக் அப்சோர்பரில் எண்ணெய் குறைந்துள்ளது. பிறேக் ஒயில் ஊற்றலாமா?
வாசகர், பருத்தித்துறை

பதில்: கூடாது. ஷொக் அப்சோர்பருக்கென்று விற்கும் எண்ணெயையே ஊற்றுங்கள். மூடியைத் திறக்குமுன் சுற்றியுள்ள மண்ணை நன்றாகத் துடைத்துவிடுங்கள். எண்ணெய் அச்சு வழியாகக் கசிகிறது என்றால் எவ்வளவு ஊற்றியும் பயனில்லை. மைனரில் ஷொக் அப்சோர்பரின் கைதான் சஸ்பென்ஷனின் மேல்க் கையும்கூட. அதன் அச்சு தேய்ந்தால் சில்லின் சாய்வும் மாறி, ரயர் ஒரு பக்கமாகத் தேயத் தொடங்கும். அந்த நிலையில் ஷொக் அப்சோர்பரை மாற்றத்தான் வேண்டும்.