2016 டிசையர் டீசல் வாங்குமுன் இன்ஜினில் எவற்றைப் பார்க்க வேண்டும்?

நீங்கள் பார்த்திருப்பது 2016-ஆம் ஆண்டு ஸ்விஃப்ட் டிசையர் டீசல் என்றும், அது 72,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது என்று புரோக்கர் சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அதே 1.3 லிட்டர் இன்ஜின் உள்ள வண்டியைப் பல ஆண்டுகளாக வைத்திருப்பவன் என்ற முறையிலும், உறவினர்களுக்காக இத்தகைய வண்டிகளைப் பார்க்கப் போய்வந்தவன் என்ற முறையிலும் பதில் எழுதுகிறேன்.

இது ஃபியட் வடிவமைத்த 1248 சி.சி. மல்டிஜெட் இன்ஜின். மாருதி 2020 ஏப்ரலோடு டீசலை நிறுத்திவிட்டாலும், ஃபியட் புன்ட்டோ, டாடா விஸ்டா, மான்சா என்று பல வண்டிகளில் இதே இன்ஜின் ஓடியதால், உதிரிபாகமும் வேலை தெரிந்த மெக்கானிக்கும் கிடைப்பதில் சிரமம் இல்லை. ஆனால் இந்த டீசல் காரில் முக்கியமாகப் பெரிய செலவு வைப்பவை நான்கு: டீசலைச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் இன்ஜெக்டர், காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் டர்போ, வால்வுகளைப் பிஸ்டனோடு இசைவாக இயக்கும் டைமிங் செயின், இன்ஜினையும் கியர் பெட்டியையும் இணைக்கும் கிளட்ச். பெயின்ட்டையும் சீட் கவரையும் பார்க்கும் நேரத்தை இந்த நான்குக்கும் கொடுங்கள்.

முதல் நிபந்தனை, இன்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும். முந்தின நாளே விற்பவரிடம் சொல்லி, காலையில் நீங்கள் போய்ச் சேரும்வரை வண்டியை எடுக்காமல் வைக்கச் சொல்லுங்கள். போனதும் பானெட்டைத் திறந்து ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். பானெட் வெயிலில் நின்றே சுட்டிருக்கலாம், ஹோஸ் அப்படி ஏமாற்றாது. அது சூடாக இருந்து, "இப்பதான் சார் வாட்டர் வாஷுக்குப் போயிட்டு வந்தோம்" என்று பதில் வந்தால், இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவது நல்லது. டீசல் இன்ஜினில் தீப்பொறி கிடையாது. காற்றை அழுத்தி ஏற்படுத்தும் வெப்பத்தில்தான் டீசல் பற்றுகிறது என்பதால், கம்ப்ரஷன் (அந்த அழுத்தம்) குறைந்திருந்தாலும் இன்ஜெக்டர் கசிந்தாலும் அந்தக் குறை முதல் ஸ்டார்ட்டிலேயே அதிகம் தெரியும், இன்ஜின் சூடானபின் பெருமளவு மறைந்துவிடும். சாவியைத் திருப்பி, டாஷ்போர்டில் இன்ஜினை முன்கூட்டியே சூடாக்குவதைக் காட்டும் ஹீட்டர் விளக்கு அணைந்ததும் செல்ஃப் எடுங்கள். ஓரிரு விநாடிகளில் பிடித்துக்கொள்ள வேண்டும். பேட்டரி நன்றாக இருந்தும் செல்ஃப் நீண்ட நேரம் சுற்றினால், டீசல் வேலை மட்டுமே செய்யும் பட்டறையில் இன்ஜெக்டர்களைச் சோதிக்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

ஸ்டார்ட் ஆகும் அந்த நேரத்தில் நீங்கள் வண்டிக்குள் உட்கார்ந்திருக்காமல், உடன் வந்தவரைச் சாவி போடச் சொல்லிவிட்டு இன்ஜின் பக்கம் நிற்பது இன்னும் நல்லது. சங்கிலியைத் தரையில் இழுப்பதுபோல் கரகரவென்று ஓர் ஓசை சில விநாடிகள் கேட்டு அடங்கினால், டைமிங் செயின் நீண்டிருக்கிறது அல்லது அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் தளர்ந்திருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். அந்த டென்ஷனர் ஆயில் அழுத்தத்தில் இயங்குவது என்பதால், ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போட்ட வண்டிகளில்தான் இது பெரும்பாலும் வருகிறது. செயின் என்றால் வாழ்நாள் முழுவதும் தொட வேண்டாம் என்று விற்பவர்கள் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். டஸ்டர் 1.5, பழைய இன்னோவா 2.5 போன்ற, செயினுக்குப் பதில் டைமிங் பெல்ட் வைத்த டீசல்களில், பெல்ட் மாற்றியதற்கான பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்; ஓடும்போது பெல்ட் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளைந்துவிடும்.

இன்ஜின் ஐட்லிங்கில் இருக்கும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திருகிக் கழற்றி, தலைகீழாக அந்தத் துவாரத்தின் மேலேயே வைத்துப் பாருங்கள். மெல்லிய நடுக்கம் எல்லா டீசலிலும் இருக்கும். மூடி துள்ளிக் கீழே விழுந்தாலோ, துவாரத்திலிருந்து புகை விட்டு விட்டு வந்தாலோ, அதையே மெக்கானிக்குகள் பேக் கம்ப்ரஷன் என்கிறார்கள். பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்துவிட்டன என்று பொருள். அந்த வண்டிக்கு இன்ஜின் வேலை நெருங்கிவிட்டது. மாறாக, ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கில் ஆயில் கறுப்பாக இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். டீசலில் புது ஆயிலே சில நாட்களில் கறுத்துவிடும்.

புகையின் நிறமும் பேசும். ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது வரும் கரும்புகைக்கு ஏர் ஃபில்டர் அடைப்பு, டர்போ ஹோஸ் விரிசல், புகையில் ஒரு பகுதியை மீண்டும் இன்ஜினுக்குள் விடும் இ.ஜி.ஆர். வால்வில் படிந்த கரி, பழுதான இன்ஜெக்டர் என்று பல காரணங்கள் உண்டு, சில சில்லறைச் செலவில் தீரும். நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது; டர்போவின் சீல் போயிருக்கலாம் அல்லது ரிங் தேய்ந்திருக்கலாம். அடங்காத வெண்புகை எரியாத டீசலாகவோ கூலண்டாகவோ இருக்கும். ஊட்டியில் காலைக் குளிர் என்று அதற்குச் சமாதானம் சொல்லலாம், சென்னையில் சொல்ல முடியாது.

டர்போவைச் சோதிக்க, வண்டியை நெடுஞ்சாலைக்கு எடுத்துச் செல்லுங்கள். மூன்றாம் கியரில், டேக்கோமீட்டர் காட்டும் இன்ஜின் வேகம் நிமிடத்துக்கு 1,500 சுற்றுகளாக இருக்கும்போதிலிருந்து ஆக்சிலரேட்டரை முழுதாக அழுத்தினால், 2,000 அருகில் வண்டி உங்களை இருக்கையோடு தள்ள வேண்டும். இந்த இன்ஜினில் அதற்குக் கீழே இழுவை குறைவாக இருப்பது இயல்பு. 2,000-க்கு மேலும் மந்தமாக இருந்தாலோ விசில் ஓசை திடீரென உரத்தாலோ இயல்பல்ல. அதே சாலையில் நான்காம் கியரில் மெதுவாகப் போய்க்கொண்டு ஆக்சிலரேட்டரை அழுத்துங்கள். டேக்கோமீட்டர் முள் ஏறியும் வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது, அதன் விலையைக் கழித்துவிட்டுத்தான் பேச வேண்டும். திரும்பி வந்து இன்ஜின் நன்றாக ஆறியபின் கூலண்ட் தொட்டியைப் பாருங்கள். தண்ணீர் துருநிறமாக இருந்தால் கூலண்ட் ஊற்றாமல் குழாய்த் தண்ணீரிலேயே ஓட்டியிருக்கிறார்கள். எண்ணெய்ப் படலம் மிதந்தால், இன்ஜினின் மேல் பகுதிக்கும் சிலிண்டர் பகுதிக்கும் நடுவே இருக்கும் ஹெட் கேஸ்கட் மீது சந்தேகம்.

இனி அந்த 72,000 கிலோமீட்டர். பெட்ரோலைவிடக் கணிசமாக அதிக விலை கொடுத்து டீசல் வாங்கியவர், இத்தனை ஆண்டுகளில் இவ்வளவு குறைவாகவா ஓட்டியிருப்பார் என்பதே என் முதல் கேள்வி. சர்வீஸ் சென்டரின் பழைய பில்களில் இருக்கும் கிலோமீட்டரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கிளட்ச் பெடலின் ரப்பர் வழவழப்பாகத் தேய்ந்திருந்தால் மீட்டரை நம்பாதீர்கள். இதே உடலமைப்பில் டாக்ஸிகளும் ஏராளமாக ஓடியதால், மஞ்சள் போர்டிலிருந்து (டாக்ஸி) வெள்ளைக்கு (சொந்த உபயோகம்) மாற்றிய வண்டியா என்று ஆர்.சி.யின் பழைய விவரங்களையும் கேளுங்கள். சென்னை வண்டியாக இருந்தால் சீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்துச் சேற்றுக் கோடு தெரிகிறதா என்று பாருங்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் நின்ற வண்டிகள் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கலாம். சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்து பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு சற்றே வளைந்த இன்ஜின், சில காலம் ஓடிவிட்டுக்கூட உடையும்.

எல்லாம் சரியாக இருந்து வாங்கினால், இன்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர், கூலண்ட் ஆகியவற்றை முதல் வாரத்திலேயே மாற்றிவிடுங்கள். கழற்றிய டீசல் ஃபில்டரில் இருப்பதைக் கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி வைத்து, அடியில் தண்ணீரோ உலோகத் துகளோ தங்குகிறதா என்று மெக்கானிக்கோடு சேர்ந்து பாருங்கள். உலோகத் துகள் மின்னினால், இன்ஜெக்டர்களுக்கு டீசலை அழுத்தி அனுப்பும் ஹை பிரஷர் பம்ப் தேயத் தொடங்கியிருக்கலாம், இன்ஜெக்டர்களையும் கெடுப்பதற்குள் அதைக் கவனிக்க வேண்டியிருக்கும்.